செடியில் ஒரு யானை: ஐந்து வழிகளில் எது உங்களுக்கு?

பள்ளி வாசலிலோ மண்டப முகப்பிலோ ரிசார்ட் புல்வெளியிலோ செடியால் ஒரு உருவம் நிறுத்தலாம் என்று முடிவானதும், கைபேசியை எடுத்துப் படம் காட்டத் தொடங்கிவிடுவார்கள். துபாய் மிராக்கிள் கார்டனில் 2016-ல் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பூச்செடிகளால் மூடிய ஏ380 விமான வடிவம் ஒன்று. ஸ்பெயினின் பில்பாவோ நகரில் கூகன்ஹைம் அருங்காட்சியக வாசலில் நிற்கும், அமெரிக்கக் கலைஞர் ஜெஃப் கூன்ஸ் செய்த பூ நாய்க்குட்டி இன்னொன்று. ஊட்டி மலர்க்காட்சியில் யாரோ எடுத்த செல்ஃபி மூன்றாவது. "இதே மாதிரி ஒண்ணு" என்பார்கள். ஆனால் மூன்றும் வேறு வேறு வேலை. ஒன்று ஒரு பருவத்துக்கு, ஒன்று ஆண்டுக்கணக்கில், ஒன்று சில நாளுக்கு.

ஆகவே படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எத்தனை நாள் நிற்க வேண்டும், தினமும் தண்ணீர் விடுவது யார், மாதம் இருமுறை கத்தரி பிடிப்பது யார்? இந்த மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் வழியும் தானாகவே தேர்வாகிவிடும்.

ஒப்பிட வசதியாக ஒரே உருவத்தை எடுத்துக்கொள்வோம்: 5 அடி உயர யானை. உடல், நான்கு கால், தும்பிக்கை, இரண்டு காது எல்லாம் சேர்த்து வெளிப்பரப்பு சுமார் 7 சதுர மீட்டர் வரும். இடம் தமிழ்நாட்டுச் சமவெளி, நல்ல வெயில். விலை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் எண்ணிக்கையை மட்டும் தருகிறோம். உங்கள் ஊர் விலையை நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

கொய்மலர்: மூன்று நாள் யானை

ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் மலர்க்காட்சியில் பார்க்கும் பெரிய உருவங்கள் இந்த வகை. கம்பிக் கூட்டின் மேல் பூ ஸ்பாஞ்ச் கட்டி, அதில் கார்னேஷனைச் செருகுவார்கள். ஒரு ஸ்பாஞ்ச் கட்டியின் அகன்ற பக்கம் 23 செ.மீ.க்கு 11 செ.மீ. அப்படியென்றால் சதுர மீட்டருக்கு 40 கட்டி, நம் யானைக்கு 280. பூ இடைவெளியின்றி நிற்க சதுர மீட்டருக்கு 350 கார்னேஷன் என்று வைத்தால் 2,450. உடைந்தது, வாடியது போக 2,700 வாங்க வேண்டியிருக்கும்.

தவறு பெரும்பாலும் ஸ்பாஞ்சை நனைக்கும்போதே நடந்துவிடுகிறது. அவசரத்தில் கையால் அமுக்கி முக்கினால் வெளிப்புறம் நனைந்து நடுவில் காற்று தங்கிவிடும். அந்த இடத்தில் செருகிய பூ மறுநாள் காலையிலேயே தலை தொங்கும். அகலமான அண்டாவில் கட்டியை மிதக்க விட்டு, அதுவாகவே தண்ணீர் குடித்து மூழ்கும்வரை காத்திருக்க வேண்டும். காம்பை 5 செ.மீ. விட்டுச் சாய்வாக வெட்டுங்கள். ஒருமுறை குத்திய துளையில் மறுபடி குத்தினால் காம்பு தண்ணீரைத் தொடாது.

ஊட்டிக் குளிரில் தாங்குவது மதுரை வெயிலில் தாங்காது. நிழலில் வைத்து, காலை மாலை தெளிப்பானால் ஈரம் காட்டினால் கார்னேஷன் மூன்று நாள், ரோஜா இரண்டு நாள். ஸ்பாஞ்ச் மக்காது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். விழா முடிந்ததும் 280 கட்டிகளும் குப்பைக்குத்தான். ஒரே நாள் விழாவென்றால் கம்பிக் கூட்டில் வைக்கோல் பிரியை இறுகச் சுற்றி, அதன்மேல் செண்டுமல்லிச் சரத்தை நெருக்கமாகச் சுற்றினாலே போதும். நுணுக்கம் குறையும், செலவும் குப்பையும் பாதிக்குக் கீழே வந்துவிடும்.

தொட்டி அடுக்கு

சாய்வான கம்பிச் சட்டத்தில் வளையம் வைத்து, அதில் 4 அங்குலத் தொட்டிகளைப் பூவோடு சொருகுவது. செத்த தொட்டியை உருவி வேறு வைக்கலாம் என்பதே இதன் பலம். ஆனால் சதுர மீட்டருக்கு 75 தொட்டி தாண்டாது, அதனால் உருவம் முரடாக வரும். 5 அடி யானைக்கு இது சரிப்படாது, தும்பிக்கையின் குறுக்கே மூன்று தொட்டி நின்றால் அது தும்பிக்கையாகவே தெரியாது. 10 அடிக்கு மேல், தூரத்திலிருந்து பார்க்கும் உருவங்களுக்கு மட்டும் யோசிக்கலாம். பெட்டூனியா சமவெளியில் மார்கழி, தை, மாசிக்குத்தான். கோடைக்கு நித்தியகல்யாணி நன்றாகத் தாங்கும், ஆனால் அடைமழையில் அழுகும். துபாய்க்காரர்களே கோடையில் தோட்டத்தை மூடிவிடுகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

மண் நிரப்பி நாற்றுப் பதித்தல்

எல்லோரும் கேட்பது இதைத்தான். அதிகம் ஏமாற்றம் தருவதும் இதுதான். மொசைக்கல்ச்சர் என்று உலகம் முழுக்கப் பெயர்பெற்ற முறை. 2000-ல் கனடாவின் மாண்ட்ரியலில் இதற்கென்றே சர்வதேசக் காட்சி தொடங்கியது. உள்ளே இரும்புக் கூடு, அதன்மேல் வலை, உள்ளே ஊடகம் (செடி வேர்விடும் கலவை), வெளியே நெருக்கமாக நட்ட சிற்றிலைச் செடிகள். சமவெளியில் இதற்கு ஆல்டர்னாந்திராவை மிஞ்சிய செடி கிடையாது. நம் பொன்னாங்கண்ணிக் கீரையின் பேரினம்தான். சிவப்பு, பச்சை, மஞ்சள் கலந்தது என வண்ணங்கள் கிடைக்கும், எத்தனை முறை வெட்டினாலும் மறுபடி அடர்ந்து வரும். உறைபனி விழும் ஊட்டி போன்ற இடத்தில் மட்டும் இது கருகிவிடும்.

முதலில் எடை. நடுவில் தெர்மாகோல் பாளங்களை அடைத்து, வெளிப்புறம் 10 செ.மீ. கனத்துக்கு மட்டும் ஊடகம் நிரப்பினாலும் 700 லிட்டர் பிடிக்கும். செம்மண் நிரப்பினால் நனைந்த எடை 1,200 கிலோ தாண்டும், கால் வளையும். தென்னை நார்க்கழிவு 60 பங்கு, மண்புழு உரம் 20, கருக்கிய உமியோ பெர்லைட்டோ (எடை குறைந்த எரிமலைப் பாறைத் துகள்) 20 என்று கலந்தால் ஏறக்குறைய 550 கிலோவில் நிற்கும். 5 கிலோ நார்க்கட்டி ஊறினால் 65 முதல் 70 லிட்டர் வரும், ஆகவே ஏழு கட்டி வேண்டும். அதை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்காமல் நட்டால், பத்து நாளில் இலை ஓரம் கருகத் தொடங்கும்.

கூட்டுக்கு ஒவ்வொரு காலிலும் 2 அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், அது தரைக்குள் ஒன்றரை அடி கான்கிரீட்டில் இறங்க வேண்டும். விலா எலும்புகளுக்கு 8 மி.மீ. கம்பி, 20 செ.மீ. இடைவெளியில். அதன்மேல் கோழிவலை, அதற்கு உள்பக்கம் நிழல்வலை. வயிற்றுப் பகுதியில் எதிரெதிர்ப் பக்கங்களை 25 செ.மீ.க்கு ஒரு கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டுங்கள். இதை வெல்டிங் பட்டறையில் யாரும் சொல்ல மாட்டார்கள். கட்டாமல் விட்டால் முதல் மழையிலேயே வயிறு தொங்கி, யானை சினையானதுபோல் நிற்கும்.

நிரப்புவதும் நடுவதும் கீழிருந்து மேலாகச் சேர்ந்தே போக வேண்டும். ஒவ்வொரு 20 செ.மீ.க்கும் கட்டையால் குத்தி இறுக்குங்கள், இல்லையென்றால் ஒரு மாதத்தில் ஊடகம் அமர்ந்து முதுகில் பள்ளம் விழும். நிழல்வலையில் கத்தி முனையால் குறுக்குக் கீறல் போட்டு, வேர்ப்பந்தைக் கீழ்நோக்கிச் சாய்த்துச் செருக வேண்டும். நேராகக் குத்தினால் தண்ணீர் வேரைத் தொடாமல் வலை ஓரமாகவே வழிந்துவிடும். 6 செ.மீ. இடைவெளிக்குச் சதுர மீட்டருக்கு 280 நாற்று. 7 சதுர மீட்டருக்கு 1,960, மாற்று நாற்றோடு 2,200. 98 குழித் தட்டில் 23 தட்டு. 7 செ.மீ. தண்டுக் குச்சிகளை நட்டால் இரண்டு வாரத்தில் வேர்விடும், ஆகவே தாய்ச்செடி இருந்தால் நாற்றை நீங்களே தயாரிக்கலாம்.

நுணுக்கத்துக்கு ஒரு எல்லை உண்டு. ஒரு புள்ளி தெளிவாகத் தெரிய அதன் குறுக்கே குறைந்தது இரண்டு மூன்று செடி வேண்டும், அதாவது 15 செ.மீ. அதனால் கண், தந்தம், நகம் இவற்றைச் செடியில் முயலாமல் ஃபைபரில் செய்து பொருத்துவதே நல்லது. சிவப்பும் பச்சையும் சேரும் கோட்டில் பச்சை வேகமாக வளர்ந்து சிவப்பை மூடும். அந்தக் கோட்டைக் கத்தரி முனையால் சாய்வான சிறு பள்ளமாக வெட்டி வைத்தால் வடிவம் தூரத்திலும் தெரியும்.

இனி தண்ணீர். சித்திரை வெயிலில் 7 சதுர மீட்டர் இலைப்பரப்பு நாளொன்றுக்கு 50 லிட்டர் வரை இழுக்கும், வடிவதையும் சேர்த்தால் 65 லிட்டர். 10 செ.மீ. கன ஊடகத்தில் செடி எளிதாக எடுக்கக்கூடிய நீர், கணக்குப்படி மூன்று நாளுக்குக்கூட வராது. தண்ணீர் கீழே இறங்கிவிடுவதால் முதுகுக்கும் தலைக்கும் அதிலும் பாதிதான் மிஞ்சும். தலை காய்ந்து கால் அழுகுவது இந்த முறையின் நிரந்தர வியாதி. அதனால் சொட்டுநீர்க் குழாயைச் சமமாகச் சுற்றாதீர்கள். மேல் மூன்றில் ஒரு பங்கில் மூன்று வரி, நடுவில் இரண்டு, கீழே ஒன்று. ஒரேயடியாக அரை மணி நேரம் விடாமல், நாளுக்கு நான்கு முறை மூன்று மூன்று நிமிடம் டைமர் வைத்து விடுங்கள்.

காதைத் தனியாகப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் நட்ட தட்டையான பாகம் அது, மொத்தக் கனமே 10 செ.மீ. என்றால் ஒரு முகத்துக்கு 5 செ.மீ. ஊடகம்தான். காற்றும் வெயிலும் இரு பக்கமும் அடிக்கும். யானை சாகத் தொடங்குவது எப்போதும் காதில்தான். காதின் மேல் விளிம்பில் தனி வரி ஒன்று, தனி வால்வோடு வையுங்கள்.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து நேராக இணைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 10 மீட்டர் உயரம்தான் ஒரு பார் அழுத்தம். 4 மீட்டர் உயரத் தொட்டி 0.4 பார் மட்டுமே தரும், அழுத்தம் ஈடுசெய்யும் வகைச் சொட்டுவான்கள் அதில் ஒழுங்காக வேலை செய்யாது. அங்கே 4 மி.மீ. நுண்குழாய்களே மேல். ஆழ்துளைத் தண்ணீர் என்றால் 120 மெஷ் வடிகட்டி கட்டாயம், வரிகளின் நுனியை மாதம் ஒருமுறை திறந்து விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். பில்பாவோ நாய்க்குட்டி 12.4 மீட்டர் உயரம், சுமார் 38,000 செடி. மே மாதமும் அக்டோபரிலும் ஆண்டுக்கு இருமுறை மொத்தமும் மாற்றி நடுகிறார்கள். அதன் உள் நீர்க்குழாய்களைப் புதுப்பிக்க 2021-ல் அருங்காட்சியகம் பொதுமக்களிடம் நிதி கேட்டது. குழாய் அவ்வளவு முக்கியம்.

நட்டு மூன்றாம் வாரம் முதல் வெட்டு, பிறகு 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை. வாரம் ஒருமுறை 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ளது) லிட்டருக்கு 1 கிராம் கரைத்துக் கொடுங்கள். மாவுப்பூச்சி தெரிந்தால் வேப்பெண்ணெய் 5 மி.லி.யுடன் சில துளி சோப்புக் கரைசல் ஒரு லிட்டர் தண்ணீரில், மாலையில். இவ்வளவு செய்தாலும் ஒன்றரை ஆண்டில் தண்டு முற்றி அடிப்பகுதி மொட்டையாகும், மறுபடி நட வேண்டும். ஒப்பந்தக்காரர் முதல் நாள் காட்டும் படத்தில் இந்தச் செலவு தெரியாது.

புதரை வெட்டி உருவாக்குதல்

இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹால் தோட்டத்தில் 1690-களில் நட்ட யூ மரங்கள் இன்றும் வெட்டிய வடிவத்தில் நிற்கின்றன. ஐந்து வழிகளில் நூறாண்டு தாண்டக்கூடியது இது ஒன்றுதான். குளிர்நாட்டுச் செடிகளான யூவும் பாக்ஸ்வுட்டும் சமவெளியில் வேண்டாம். சங்கங்குப்பி நல்ல தேர்வு, நர்சரியில் கிளிரோடென்ட்ரம் இனெர்மி என்று கேளுங்கள். வெயில், உப்புக்காற்று, சுமாரான தண்ணீர் எல்லாம் தாங்கும், ராமேஸ்வரம், நாகப்பட்டினம் பக்கத்துக்கும் ஒத்துவரும். ஆடு மாடு அவ்வளவாகக் கடிக்காது. கோல்டன் டுரண்டா வேகமாக வரும், ஆனால் அதன் காய் நச்சு. அடிக்கடி வெட்டினால் காய்க்காதுதான், என்றாலும் பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம். பைகஸ் பெஞ்சமினா அழகு, வேர் பொல்லாதது. சுவரிலிருந்து 3 மீட்டராவது தள்ளி நடுங்கள்.

ஒரு காலுக்கு இரண்டு மூன்று கன்று, மொத்தம் 8 முதல் 12. வழிகாட்டியாக ஒரு கம்பிக் கூடு நட்டு, கிளைகளைப் பருத்தி நாடாவாலோ கயிற்றாலோ கட்டுங்கள். கட்டுக்கம்பியால் கட்டினால் ஆறு மாதத்தில் கம்பி பட்டைக்குள் புதைந்து கிளை காய்ந்துவிடும். முதல் ஆண்டு வடிவத்துக்கு அவசரப்படாமல் நுனி மட்டும் கிள்ளி அடர்த்தி சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில் 15 நாளுக்கு ஒரு கவாத்து, மற்ற நாளில் மாதம் ஒன்று. இலையில்லாத முதிர் தண்டுவரை வெட்டினால் அந்த இடம் பல மாதம் மொட்டையாகவே இருக்கும்.

யானை இந்த முறைக்குப் பொருந்தாத விலங்கு என்பதுதான் சங்கடம். வயிற்றுக்கு அடியில் வெயில் படாது, வெயில் படாத இடத்தில் இலை நிற்காது. இரண்டு மூன்று ஆண்டு கழித்து மேலே பச்சையும் கீழே குச்சியுமாக இருக்கும் புதர் யானைகளைப் பார்த்திருப்பீர்கள். படுத்த யானை, உட்கார்ந்த கோழி, கூம்பு, பந்து என்று கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் வரும் வடிவம் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. தினசரி தண்ணீர் வேண்டாம், வேர் தரையில் இருக்கிறது. ஆனால் கண்ணளவு தெரிந்த தோட்டக்காரர் ஒருவர் வேண்டும், அவர் வேலையை விட்டுப் போனால் வடிவமும் கூடவே போகும்.

கூட்டின்மேல் கொடி

எங்கள் கணக்கில், கேட்டு வருபவர்களில் பாதிப்பேருக்கு மேல் பொருந்துவது இது. ஆனால் படத்தில் பகட்டாகத் தெரியாததால் யாரும் கேட்பதில்லை. செடி பைகஸ் புமிலா, சில நர்சரிகளில் பைகஸ் ரெப்பன்ஸ் என்றும் சொல்வார்கள். சுவரில் ஒட்டிப் படரும் சிற்றிலைக் கொடி. ஒவ்வொரு காலைச் சுற்றியும் ஐந்து என்று 20 கன்று போதும். 2,200 நாற்று எங்கே, 20 எங்கே!

வெறும் இரும்புக் கம்பியில் இது ஏறாது. வெயிலில் சூடேறிய கம்பி அதன் பற்றுவேரைக் கருக்கிவிடும். கோழிவலைக்குள் தேங்காய் நாரை ஒரு கை கனத்துக்குத் திணித்து, முதல் ஆறு மாதம் அந்த நாரைக் காலை மாலை நனைத்துவந்தால் கொடி அதைப் பிடித்துக்கொண்டு ஏறும். எடையும் குறைவு என்பதால் காலுக்கு 1 அங்குலக் குழாயே தாங்கும். ஆனால் மூடிய கொடியைப் புயல்காற்று பாய்மரமாகப் பிடிக்கும், ஆகவே கான்கிரீட் அடியைக் குறைக்காதீர்கள்.

5 அடி யானை முழுதும் மூட ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு ஆகும், பொறுமையில்லாதவர்களுக்கு இதுவே குறை. முதல் ஆண்டுக்குச் சங்குப்பூ விதையை ஊடே நட்டால் மூன்று மாதத்தில் பச்சை மூடும், காய் முற்றும்போது அறுத்து எடுத்துவிட வேண்டும். ரங்கூன் மல்லி, தன்பெர்ஜியா போன்ற முரட்டுக் கொடிகள் வேண்டவே வேண்டாம், ஒரு மழைக்காலத்தில் யானை வெறும் புதர்க்குவியலாகிவிடும்.

மூடிய பிறகு வேலை கொஞ்சம்தான், மாதம் ஒரு வெட்டு. ஒன்றை மட்டும் விடாதீர்கள். ஆண்டுக்கணக்கில் வெட்டாமல் விட்டால் இந்தக் கொடி முதிர்நிலைக்கு மாறும். இலை மூன்று மடங்கு பெரிதாகி, கிளை ஒட்டாமல் வெளியே நீட்டி, அத்திக்காய் மாதிரி காய் பிடிக்கும். அப்படி நீட்டும் கிளையைக் கண்டதும் அடியோடு வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் வடியும் பால் தோலை அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வேரூன்றிய பின் ஒரு வாரம் தண்ணீர் மறந்தாலும் செத்துவிடாது. பள்ளிக்கூடக் கோடை விடுமுறையைத் தாண்டக்கூடியது என்பதுதான் அதன் பெருமை.

எதை எடுப்பது

தினமும் பொறுப்பாகப் பார்க்கும் தோட்டக்காரரும் சொட்டுநீரும் இருந்தால் மட்டும் நாற்றுப் பதித்த யானை. ரிசார்ட், பெரிய நிறுவன வளாகம் என்றால் சரி. பள்ளி, கோயில் நந்தவனம், வீட்டுத் தோட்டம் எல்லாவற்றுக்கும் கொடி. கடற்கரை ஊரில் புதர், ஆனால் யானையை விட்டுவிட்டு வேறு வடிவம். கல்யாணம், மாநாடு என்றால் கொய்மலரோ செண்டுமல்லிச் சரமோ.

வண்ணமும் வேண்டும், வேலையும் குறைய வேண்டும் என்பவர்களுக்குக் கலப்பு முறை இருக்கிறது. உடல் முழுக்கக் கொடி, முதுகுப் பட்டாடையும் நெற்றிப்பட்டமும் மட்டும் ஆல்டர்னாந்திரா. அந்தப் பகுதியைத் தனித் தகரத் தட்டாகச் செய்து, அடியில் வடிகால் துளை போட்டு, போல்ட்டில் மாட்டிக் கழற்றும்படி வையுங்கள். ஒரு சதுர மீட்டர்தான், 280 நாற்று, நாளுக்கு 10 லிட்டர் தண்ணீர். கெட்டுப்போனால் தட்டை மட்டும் கழற்றி நிழலில் வைத்து மறுநடவு செய்யலாம். யானை யானையாகவே நிற்கும்.

பொங்கலுக்குத் திறப்பு என்றால் பின்னோக்கி எண்ணுங்கள். கொடி யானைக்கு ஒன்றரை ஆண்டு முன்பே, ஆடியில் கன்று நட்டிருக்க வேண்டும். ஆல்டர்னாந்திராவுக்கு ஐப்பசியில் குச்சி போட்டு, அடைமழை தணிந்த கார்த்திகைக் கடைசியில் கூட்டில் பதித்தால், இரண்டு வெட்டுக்குப் பிறகு தை பிறக்கும்போது மூடியிருக்கும். ஐப்பசி மழையிலேயே கூட்டில் நட்டால் கால்பகுதி நாற்று அழுகும். செண்டுமல்லிக்குப் பொங்கல் வாரத்தில் விலை ஏறும், மார்கழி நடுவிலேயே விவசாயியிடமோ சந்தையிலோ முன்பணம் கொடுத்து வையுங்கள்.